மாத்திரை மாற்ற வருகிறேன்!

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சிமெண்ட் பெஞ்சில் ஒரு பிணம் கிடந்தது.

காலை மணி பத்து. சந்தை நாள்.

பலாப்பழத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே பெஞ்சைச் சுற்றி வளைத்துக்கொண்டது.

"நம்ம செல்லமுத்துங்க... இப்பத்தான் என்கூட நின்னு டீ குடிச்சாருங்க!"

"உதடெல்லாம் நீலமா போச்சே சாமி!"

சப்-இன்ஸ்பெக்டர் மணிவண்ணன் ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி வந்து சேர்ந்தார். அந்தக் கை அங்கே இருந்தது கம்பீரத்துக்காக அல்ல. மூன்று மாத முதுகுவலி!

"யாரும் பாடியைத் தொடாதீங்க!" என்று அதட்டினார்.

"நான் தொடணும் ஸார்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் ஒரு பெண். நீல நிறச் சட்டை. தோளில் பை. கையில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி.

கோகிலவாணி. வலி நிவாரணச் சிகிச்சைப் பிரிவின் நர்ஸ். புற்றுநோய் வலியால் நடக்க முடியாமல் மலைக் கிராமங்களில் படுத்துவிட்ட பதினோரு பேரை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அவள் வேலை.

குனிந்தாள். செல்லமுத்துவின் கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள்.

கருவிழியின் நடுப்புள்ளி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது!

"ஸார்..."

"என்னம்மா?"

"பிணத்துக்கு மூச்சு வருது!"

"என்னது!"

"நிமிஷத்துக்கு நாலு தடவை. அதுவும் நின்னுரும். தள்ளுங்க!"

பையைத் திறந்தாள். மார்ஃபின் மருந்து உடம்பில் அளவு மீறினால் அதை முறிக்கிற ஊசி ஒன்று உண்டு. நலாக்சோன். மூன்று வருடமாகப் பையில் சுமந்தவள், இன்றுதான் அதை முதன்முதலாக உடைத்தாள்.

தொடையில் இறக்கினாள்.

ஒரு நிமிடம்... தலையை நிமிர்த்தி, மூச்சுக்குழாய்க்கு வழி விட்டாள்.

இரண்டு நிமிடம்...

மூன்று...

பிணம் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தது.

"ஐயோ... என் முட்டீ...!"

கூட்டம் சிதறி ஓடியது. ஓடியவர்களில் ஒருவர் பலாப்பழத்தை விடவில்லை. அதற்கு அவர் இன்னும் காசு தரவில்லை!

"செல்லமுத்து அண்ணா, என்ன சாப்பிட்டீங்க?"

செல்லமுத்து இடுப்பு மடிப்பிலிருந்து கசங்கிய காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் அச்சடித்திருந்தது: 'வலி வெட்டிச் சூரணம் - வைத்தியர் அர்த்தனாரி'.

"வைத்தியர் குடுத்ததுங்க. ஒரு பொட்டலம் போட்டா வலி பறந்துரும். ரெண்டு முட்டிக்கும் ரெண்டு பொட்டலம் போட்டனுங்க..."

"அவ்வளவுதானா?"

"பஸ்ல கீழ போகணுமேன்னு வழிக்கு ஒண்ணு சேர்த்துப் போட்டனுங்க."

கோகிலவாணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஸார், இந்த ஊசி கொஞ்ச நேரம்தான் தாங்கும். மறுபடி மூச்சு அடங்கலாம். 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. இன்னொரு ஊசியும் கூடக் குடுத்து விடறேன்."

ஆம்புலன்ஸ் செல்லமுத்துவை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மணிவண்ணன் அவள் பக்கம் திரும்பினார்.

"சூரணத்துல என்னம்மா இருந்துச்சு?"

"சுக்கு, மிளகு சாப்பிட்டா கண்ணு இப்படிச் சுருங்காது ஸார். மார்ஃபின் கலந்திருக்கு. எனக்குத் தெரிஞ்சு இந்த மலைக்கு மார்ஃபின் வர்றது ஒரே வழியிலதான்..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

மணிவண்ணன் அவள் கையிலிருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்தார்.

"சொல்லும்மா... எந்த வழியில?"

"...இந்தப் பெட்டி வழியா."

"சாவியைக் குடு."

பெட்டி திறக்கப்பட்டது. பதிவேட்டில் உள்ளபடியே எல்லாம் இருந்தன. ஒரு மாத்திரை குறையவில்லை. ஆனாலும் மணிவண்ணன் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"போதை மருந்து கேஸும்மா இது. பெட்டி என்கிட்ட இருக்கட்டும்."

"ஸார், இதுல பதினோரு பேரோட இந்த வார வலிக்கு மருந்து இருக்கு! நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவங்களுக்கு மாத்திரை போகணும். பெட்டியை ஸ்டேஷன்ல வெச்சா மலை முழுக்க அலறல் சத்தம்தான் கேக்கும். முதல்ல அந்த வைத்தியரைப் பிடிங்க!"

மணிவண்ணன் தர்மசங்கடமாக நெளிந்தார்.

"அவர் எண்பது வயசுப் பெரியவர்மா. வயித்து வரைக்கும் வெள்ளைத் தாடி. ஊரே கும்பிடுது. நானே முதுகுக்கு..."

"நீங்களுமா?"

"இன்னும் பிரிக்கலைம்மா!" அவசரமாகத் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் கோகிலவாணியின் செல்போன் அலறியது.

"கண்ணு, அரியூர் நாட்டுல இருந்து சுப்பம்மா பேசறேன்... எங்கூட்டுக்காரருக்கு வலி தாங்கலை சாமி! மாத்திரை கேக்கவே மாட்டேங்குது. சுவத்துல முட்டிக்கிறாரு! சீக்கிரம் வா கண்ணு!"

கோகிலவாணி நிமிர்ந்தாள்.

"ஸார், பெட்டியும் வேணும், சாவியும் வேணும். நம்பிக்கை இல்லைன்னா நீங்களும் கூட வாங்க."

"உன்னைத் தனியா விடறதா எனக்கு எண்ணமே இல்லை. ஏறு ஜீப்ல!"

வழியில் வைத்தியரின் கடையில் ஜீப்பை நிறுத்தினார். கதவில் பூட்டு. பக்கத்துப் பெட்டிக்கடைக்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

"சந்தை நாள்ல அவரு இருக்க மாட்டாருங்களே! ஒன்பது மணிக்கே கடையைச் சாத்திட்டு குகைக்குத் தவத்துக்குப் போயிருவாருங்க. பொழுது சாயத்தான் வருவாருங்க."

"எந்தக் குகை?"

"அதை அவரு யாருக்கும் சொல்றதில்லீங்க. தவமாச்சுங்களே!"

ஜீப் வளைவுகளில் சுழன்று, மரவள்ளிக் காடுகளைத் தாண்டி அரியூர் நாடு என்ற அந்த மலைக் கிராமத்துக்கு விரைந்தது.

சுப்பம்மாளின் கணவர் நல்லமுத்துவின் அலறல் வாசலிலேயே கேட்டது.

கணையத்தில் புற்றுநோய். வயிற்றின் மேல்பக்கம் ஆரம்பித்து முதுகு வரை துளை போடுகிற வலி. போன மாதம் வரைக்கும் இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தார். கோகிலவாணி மாத்திரை கொடுத்த பிறகு, மிளகுக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற அளவுக்குத் தேறியிருந்தார்.

இப்போது கயிற்றுக் கட்டிலில் புழுவாகச் சுருண்டு கிடந்தார்.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

சுப்பம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நாலு நாளாச்சு சாமி. நேரம் தவறாம நீ குடுத்த மாத்திரையத்தான் குடுக்கறேன்."

கோகிலவாணி நல்லமுத்துவின் காதருகே குனிந்தாள்.

"அய்யா, வெளிக்குப் போறது எப்படி இருக்கு?"

மணிவண்ணன் முகத்தைச் சுளித்தார். "ஏம்மா, மனுஷன் உயிர் போற மாதிரி துடிக்கறார். இப்ப இது ரொம்ப முக்கியமா?"

"ரொம்ப முக்கியம் ஸார்! சொல்லுங்கய்யா."

"அதுக்கு ஒரு குறையும் இல்லை கண்ணு..." நல்லமுத்து பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னார். "நாலு நாளா நல்லாப் போகுது. அந்தப் பேதி மாத்திரைகூட வேண்டாம்னு நிறுத்திட்டேன்."

கோகிலவாணி எழுந்து நின்றாள். அவள் கண்கள் மின்னின.

"ஸார்! மார்ஃபின் சாப்பிடறவங்களுக்கு மலச்சிக்கல் கட்டாயம் வரும். அதுக்காகவே கூட இன்னொரு மாத்திரை குடுப்போம். அதையும் நிறுத்திட்டு ஒருத்தருக்கு நல்லாப் போகுதுன்னா... அவர் உடம்புல மார்ஃபினே இல்லை!"

"அப்போ நாலு நாளா இவர் சாப்பிட்டது என்ன?"

சுப்பம்மாளிடமிருந்து மாத்திரை டப்பாவை வாங்கினாள். பகல் வேளை, இரவு வேளை தெரிவதற்காக சூரியன், நிலா படம் ஒட்டிய டப்பா. மணிவண்ணன் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு மறுபடி பூட்டிக்கொண்டார். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டும் வெள்ளை. ஆனால் அவளுடையதில் நடுவே ஒரு கோடு. இதில் இல்லை.

நகத்தால் நசுக்கினாள். சுண்ணாம்புப் பொடியாக உதிர்ந்தது.

"கால்சியம் மாத்திரை! மாத்திட்டாங்க ஸார்!"

தன் பிரிவின் டாக்டர் ராஜேஸ்வரியைப் போனில் பிடித்தாள். நிலைமையைச் சொன்னாள். சரி சரியென்று கேட்டுக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க?"

"நாலு நாளா உடம்புல மருந்து இல்லாததால பழைய அளவை உடனே குடுக்கக் கூடாது. பாதியில ஆரம்பிக்கணும். ஸார்... சாவி!"

மணிவண்ணன் ஒரு விநாடி தயங்கினார். நல்லமுத்து மறுபடி அலறினார். சாவி கை மாறியது.

பத்து நிமிடம் போனது.

இருபது நிமிடம்.

நல்லமுத்துவின் விரல்கள் கட்டில் சட்டத்தை விட்டன. அரை மணியில் அவர் கால்களை நீட்டிக்கொண்டார். பிறகு முதன்முறையாக, எதிரில் ஒரு போலீஸ்காரர் நிற்பதைக் கவனித்தார்.

"ஏனுங்க, நிக்கறீங்களே... உக்காருங்க. சுப்பம்மா, ஐயாவுக்கு டீ போடு. எனக்கும் சேர்த்து!"

மணிவண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"பதினெட்டு வருஷமா போதை மருந்தைப் பிடிச்சுத்தான்மா பழக்கம்," என்றார் மெல்லிய குரலில். "அது இப்படியும் ஒரு வேலை செய்யும்னு இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

சாவியை அவர் திருப்பிக் கேட்கவில்லை.

டீ வந்தது. விசாரணையும் ஆரம்பித்தது.

"சுப்பம்மா, இந்த டப்பாவை வேற யார் தொட்டாங்க?"

"யாரும் தொடலீங்களே... உங்க ஆஸ்பத்திரித் தம்பி ஒண்ணைத் தவிர."

"எங்க ஆஸ்பத்திரித் தம்பியா!" கோகிலவாணி அதிர்ந்தாள்.

"ஆமா கண்ணு. போன சந்தை நாள்ல, மத்தியானம் மாத்திரை மாத்த வாரேன்னு போன் பண்ணினாப்ல. வெள்ளைக் கோட்டு, மாஸ்க்கு எல்லாம் போட்டுக்கிட்டு பைக்குல வந்தாப்ல. 'டாக்டரம்மா அனுப்பினாங்க. இது பழைய ஸ்டாக்கு, புதுசு மாத்தித் தாரேன்'னாப்ல. எங்க மக ஊட்டுக்குப் போறப்ப ஆகும்னு மூணு நாள் மாத்திரை தனியா எடுத்து வெச்சிருந்தேன், அது தீர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு."

"எங்க ஆஸ்பத்திரியில இருந்து நான் மட்டும்தாம்மா வருவேன்! உங்க வீட்டுல இந்த மாத்திரை இருக்கறது வேற யாருக்குத் தெரியும்?"

சுப்பம்மாள் தலையைக் குனிந்தாள்.

"திட்டாத சாமி... நம்ம வைத்தியர்கிட்ட ஒரு நாள் போனேன். ஆஸ்பத்திரியில என்ன குடுக்கறாங்க, எங்க வெச்சிருக்கறேன்னு எல்லாம் விசாரிச்சாரு. 'அது அபின். பழகிப் போயிரும். ஆளைச் சீக்கிரம் கொண்டு போயிரும்'னு பயங்காட்டினாரு."

"அளவாக் குடுத்தா ஆளைக் கொல்லாதும்மா. வலிதான் ஆளைத் தின்னும். அதோட, வர்ற திங்கக்கிழமை சேலத்துல இவருக்கு ஒரு ஊசி போடறோம். வயித்துக்குப் பின்னால வலியைக் கடத்தற நரம்புக் கொத்து இருக்கு. ஸ்கேன்ல பார்த்து அங்கயே மருந்தைச் செலுத்தினா, மாத்திரையைக்கூடப் பெருமளவு குறைச்சிடலாம்."

மணிவண்ணன் டீ கிளாஸை வைத்தார்.

"புரிஞ்சு போச்சு! கெழவர் கடையில உக்காந்துட்டு யார் வீட்ல மருந்து இருக்குன்னு துப்பு வாங்கறார். அந்த வெள்ளைக் கோட்டுக்காரன் போய் அடிச்சுட்டு வர்றான். ரெண்டு பேர் கூட்டு!"

"சந்தை நாள்ல வீட்டுல திடமான ஆள் யாரும் இருக்க மாட்டாங்க. அதான் அந்த நாள்ல வர்றான். ஸார்... இன்னிக்கும் சந்தை நாள்!"

கோகிலவாணி ஒவ்வொரு நோயாளி வீட்டுக்கும் போன் போட ஆரம்பித்தாள். ஏழாவது போனில் குப்புசாமி கிடைத்தார். அவள் பார்க்கிற பதினோரு பேரில் ஒருத்தியான மாதம்மாளின் கணவர்.

"ஏனுங்க சிஸ்டர், நானே கூப்பிடணும்னு இருந்தனுங்க. உங்க ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சுங்க. மூணு மணிக்கு மாத்திரை மாத்த வாரேன்னாருங்க..."

கோகிலவாணி போனைக் கையால் பொத்திக்கொண்டு மணிவண்ணனைப் பார்த்தாள்.

அவர் ஏற்கெனவே ஜீப்பில் ஏறியிருந்தார்!

மணி இரண்டே முக்கால்.

மாதம்மாளின் வீட்டுக் கட்டிலில், கழுத்து வரை கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருந்தார் சப்-இன்ஸ்பெக்டர் மணிவண்ணன். தலையில் மாதம்மாளின் துண்டு.

அசல் நோயாளி மாதம்மாள் சமையலறையில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். மார்பில் வந்த புற்றுநோய் இடுப்பு எலும்புக்கு இறங்கி, இரண்டு மாதம் முன்னால் புரண்டு படுக்கக்கூட முடியாமல் கிடந்தவள். வலி இருந்த எலும்புக்கு ஒரே ஒரு நாள் கதிர்வீச்சு. அப்புறம் வேளைக்கு மாத்திரை. இப்போது களி கிளறுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

"ஏனுங்க எஸ்.ஐ. ஸார், லேசா முனகுங்க! நோயாளி இப்படியா விறைப்பா படுத்திருப்பாங்க?"

"ம்ம்ம்... அம்மா..."

"அது பல்வலிங்க! எனக்கு இடுப்புங்க!"

"அக்கா, சும்மா இருங்க!" கோகிலவாணி அவளைக் கதவுக்குப் பின்னால் இழுத்தாள்.

வாசலில் பைக் சத்தம்!

வெள்ளைக் கோட்டு. மாஸ்க். தோளில் ஒரு பெரிய பை. முப்பது வயதுக்கு மேல் இருக்காது.

"வணக்கங்க. மாத்திரை மாத்த வந்திருக்கேன். பேஷன்ட் எப்படி இருக்காங்க?"

குப்புசாமி கட்டிலைக் காட்டினார். "அப்... அப்படியேதானுங்க."

கம்பளி முனகியது.

அவன் டப்பாவை எடுத்தான். மாத்திரைகளைத் தன் பாட்டிலில் கொட்டினான். வேறு பாட்டிலிலிருந்து டப்பாவை நிரப்பினான்.

"இனிமே வலியே இருக்காதுங்க," என்றான்.

"உனக்கு இருக்கும்டா!"

கம்பளியை உதறிக்கொண்டு கட்டிலிலிருந்து பாய்ந்தார் மணிவண்ணன்.

பாதி வழியில்... 'கடக்!'

இடுப்பு பிடித்துக்கொண்டது. வளைந்த நிலையிலேயே நின்றுவிட்டார். முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை.

"பிடிங்க... அவனைப் பிடிங்க... ஐயோ, என்னைப் பிடிங்க!"

அவன் பையைத் தூக்கிக்கொண்டு சமையலறை வழியாகப் பின்வாசலுக்கு ஓடினான்.

கதவுக்குப் பின்னாலிருந்து களி கிளறும் துடுப்பு ஒன்று நீண்டது. ஓடுகிற இரண்டு கால்களுக்கு நடுவே, அளவாக, அலட்டிக்கொள்ளாமல் நுழைந்தது.

தொம்!

முகம் குப்புற விழுந்தான். குப்புசாமி சற்றும் யோசிக்காமல் அவன் முதுகின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா!" கோகிலவாணி பாய்ந்து மாதம்மாளைத் தாங்கினாள். "உங்க எலும்பு பலமில்லாம இருக்கு, பாரம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல!"

"நான் எங்க கண்ணு தூக்கினேன்? நீட்டினேன். அவ்வளவுதான்!"

மணிவண்ணன் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தார். விலங்கை மாட்டினார். மாஸ்க்கை இழுத்தார்.

"பேர் என்னடா?"

"பி... பிரேம் ஸார்."

"என்ன தொழில்?"

"கீழ ஒரு மெடிக்கல் ஷாப்ல இருந்தேன். மருந்து திருடினேன்னு விரட்டிட்டாங்க ஸார்."

"உன் கூட்டாளி எங்கடா? அந்தக் கெழவன்! எந்தக் குகையில உக்காந்திருக்கான்? சொல்லு!"

பிரேமின் பார்வை தன் பையின் பக்கம் போய், சட்டென்று திரும்பியது.

கோகிலவாணி அதைப் பார்த்துவிட்டாள்.

பையின் ஜிப்பை இழுத்தாள். பாட்டில் நிறைய வெள்ளை மாத்திரைகள். 'வலி வெட்டிச் சூரணம்' அச்சடித்த காகிதக் கட்டு. ஒரு காவி வேட்டி. ஒரு ருத்திராட்ச மாலை.

அதற்கும் அடியில் ஏதோ மெத்தென்று கையில் தட்டுப்பட்டது.

வெளியே எடுத்தாள்.

நீளமான, வெள்ளை வெளேரென்ற... ஒட்டுத் தாடி!

"ஸார்... குகையும் இல்லை, கூட்டாளியும் இல்லை! வைத்தியர் அர்த்தனாரியே இவன்தான்!"

குப்புசாமிக்கு வாய் பிளந்துகொண்டது. "அடப்பாவி... போன வாரம் உன் கால்லயா விழுந்து கும்பிட்டேன்!"

மணிவண்ணன் தாடியை வாங்கி, பிரேமின் முகவாயில் வைத்து ஒரு முறை பார்த்தார். எடுத்துவிட்டு ஒரு முறை பார்த்தார். இடுப்புவலியையும் மீறி அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எண்பது வயசுப் பெரியவரை எப்படிடா லாக்கப்ல போடறதுன்னு காலையிலருந்து ஒரே கவலை எனக்கு. நல்லவேளை... அம்பது வயசை நீயே கழட்டிப் பைக்குள்ள வெச்சுட்ட!"